சாடைப் பேச்சு: அரசுகள் சமூக ஊடகத்தில் நடத்தும் அயலுறவு குறித்துச் சில குறிப்புகள்

1

ஈழப் பிரச்சினையை விட்டுவிட்டால், அயலுறவுக் கொள்கை பற்றிச் சிறுபத்திரிகைகளில் நாம் அதிகம் பேசியதில்லை. அது டெல்லிக்காரர்களின் வேலை, ஆங்கிலப் பத்திரிகைகளின் நடுப்பக்க வேலை என்று விட்டுவிட்டோம். சாதி, மொழி, உடல், இலக்கியப் பிரதி என எல்லா இடத்திலும் அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று தோண்டிப் பார்த்தவர்கள், ஒரு அரசு இன்னொரு அரசோடு பேசுகிற மொழியை மட்டும் தொடவில்லை. இப்போது அந்தப் பேச்சே நம் கையிலிருக்கும் செல்போனுக்கு வந்துவிட்டது. பிரதமர், வெளியுறவு அமைச்சர், தூதரகங்கள் என எல்லோரும் ட்விட்டரில் (2023 ஜூலையிலிருந்து அதன் பெயர் எக்ஸ்), முகநூலில், இன்ஸ்டாகிராமில் எழுதுகிறார்கள். முன்பு மூடிய அறைக்குள் நடந்தது இப்போது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, இது ஜனநாயகம் என்று சிலர் சொல்கிறார்கள். வந்தது எது, வராதது எது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

சேத்தியாத்தோப்பில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெள்ளாற்று அணைக்கட்டு, கூட்டுறவுக் கரும்பாலை, நாலு பக்கமும் பஸ் பிரிகிற கூட்டுரோடு, இவ்வளவுதான் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆனால் புவனகிரி, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை, பரங்கிப்பேட்டை என்று இந்த வட்டாரத்தை முழுக்க எடுத்துக்கொண்டால், சவுதியிலோ குவைத்திலோ சிங்கப்பூரிலோ ஓர் ஆள் இல்லாத தெரு கிடைப்பது கஷ்டம். கிழக்கே கொஞ்சம் போனால் கடல். அங்கிருந்து தெற்கே கரையோரமாகப் போகப்போக எல்லைக்கோட்டுப் பிரச்சினை. ஆக, அயலுறவு என்பது எங்கள் பக்கத்தில் வீட்டுச் சமாச்சாரம். சம்பளம் வந்ததா, பாஸ்போர்ட்டை முதலாளி கொடுத்தானா, படகு திரும்பியதா என்ற கேள்விகளாகத்தான் அது எங்களிடம் வருகிறது.

நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றுதான். அதற்கு நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது: சாடை. மாமியாரிடம் சொல்ல வேண்டியதை மருமகள் தன் பிள்ளையைத் திட்டுகிற சாக்கில் சொல்லுவாள். "உனக்கெல்லாம் சோறு போட்டு வளர்க்கிறேன் பாரு" என்று அடி வாங்குவது பிள்ளை. உறைப்பது திண்ணையில் இருக்கிறவளுக்கு. எதிரில் நிற்கிறவர் ஒருவர், கேட்க வேண்டியவர் வேறொருவர். இலக்கணக்காரர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் 'முன்னிலைப் புறமொழி' என்று ஒரு சொல்லாட்சி உண்டு. சங்க அகப்பாடல்களுக்கான பழைய குறிப்புகளில் 'தலைவன் சிறைப்புறமாக' என்று வரும். தோழி தலைவியைப் பார்த்துப் பேசுகிறாள். ஆனால் வேலிக்கு அப்பால் நிற்கிற தலைவன் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே பேசுகிறாள்.

அரசுகள் சமூக ஊடகத்தில் நடத்தும் அயலுறவு பெரும்பாலும் இப்படிப்பட்ட சாடைப் பேச்சு. முகம் அந்நிய நாட்டைப் பார்த்திருக்கும். வேலிப்புறத்தில் நிற்பது உள்ளூர் வாக்காளர். யாருடைய உயிரும் கூலியும் பிரச்சினையோ அந்த மீனவரும் கூலியாளும் இந்தப் பேச்சில் படர்க்கையாகிவிடுகிறார்கள்: 'அவர்கள்' என்று சுட்டப்படுவார்கள், 'நீங்கள்' என்று யாரும் கேட்கமாட்டார்கள். அல்துசர் 1970இல் எழுதிய கட்டுரையில், போலீஸ்காரர் தெருவில் 'ஏய்' என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிறவன் அந்தக் கணத்திலேயே அரசின் ஆளாகிவிடுகிறான் என்று விளக்குவார். சாடை அதைவிடச் சூட்சுமமானது. நம்மைக் கூப்பிடுவதே இல்லை, நாமாகவே திரும்புகிறோம்.

2

இதற்கொரு முன்கதை இருக்கிறது. ராஜதந்திரம் என்பது ரகசியக் கடிதம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 1917இல் ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக்குகள், ஜார் அரசு மற்ற வல்லரசுகளோடு செய்திருந்த ரகசிய ஒப்பந்தங்களைப் பத்திரிகையில் போட்டு உடைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அதிபர் வில்சன் அறிவித்த பதினான்கு அம்சங்களில் முதலாவதே, இனி ஒப்பந்தங்கள் பகிரங்கமாக இருக்க வேண்டும் என்பதுதான். ரகசியமென்னவோ ஒழியவில்லை. அதன் பக்கத்திலேயே 'காட்டுவதற்கான பேச்சு' என்று இன்னொன்று வளர்ந்தது. பனிப்போர்க் காலத்தில் அது ஒரு துறையாகவே ஆயிற்று. 1965இல் எட்மண்ட் கல்லியன் என்ற அமெரிக்க ராஜதந்திரி அதற்கு 'பொது ராஜதந்திரம்' என்ற பெயரை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அரசு இன்னொரு அரசை விட்டுவிட்டு, அந்த நாட்டு மக்களிடம் நேராகப் பேசுவது என்று அதற்கு அர்த்தம்.

நம் தலைமுறைக்கு இது புதிதில்லை. மாஸ்கோ வானொலி தமிழில் பேசியது. பி.பி.சி. 1941லேயே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டது. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாளில் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அப்போது பேசியது வெளிநாட்டு அரசு, கேட்டது நாம். விஷயம் நேர்க்கோட்டில் இருந்தது. பிரச்சாரம்தான், ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதில் குழப்பமில்லை.

இந்திய வெளியுறவு அமைச்சகம் 2006இல் பொது ராஜதந்திரத்துக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தியது. 2010இல் ட்விட்டரில் கணக்குத் தொடங்கியது. அடுத்த ஆண்டே லிபியாவில் கலவரம் மூண்டபோது, அங்கே சிக்கிய இந்தியர்களுக்கு அந்தக் கணக்கு பயன்பட்டது. 2014இல் சுஷ்மா ஸ்வராஜ் அமைச்சரானதும் அது வேறொரு கட்டத்துக்குப் போனது. அதைப் பிறகு பார்ப்போம்.

'எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது' என்ற வாதத்தை முதலில் முடித்துவிடலாம். அதே 2010 நவம்பரில் விக்கிலீக்ஸ் இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகத் தந்திகளை வெளியிடத் தொடங்கியது. 2011 மார்ச்சில் 'தி இந்து' நாளிதழ் இந்தியா சம்பந்தப்பட்டவற்றை அச்சிட்டது. அதில் சென்னையிலிருக்கும் துணைத் தூதரகம் எழுதியதும் ஒன்று. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் பணம் எப்படி உறையில் வைத்து வீடு வீடாகப் போனது என்று அதில் விவரம் இருந்தது. சென்னையில் இருக்கிற தூதரகங்கள் இன்று பொங்கலுக்குக் கோலம் போட்டு, வேட்டி கட்டிப் படம் போடுகின்றன. அந்தப் படத்தை எடுக்கிற கட்டிடத்துக்குள்ளேயே திருமங்கலம் தந்தி மாதிரியானவையும் எழுதப்படுகின்றன. காட்டுவதற்கு ஒரு எழுத்து, தெரிந்துகொள்வதற்கு ஒரு எழுத்து. சமூக ஊடகம் முதலாவதைப் பெருக்கியிருக்கிறது. இரண்டாவதை அது தொடவில்லை.

3

சாடைப் பேச்சுக்குத் தமிழ்நாட்டில் நடந்த தெளிவான உதாரணம் கச்சத்தீவு.

2024 மார்ச் 31 அன்று பிரதமர் மோடி தன் ட்விட்டர் கணக்கில், கச்சத்தீவைக் காங்கிரஸ் அலட்சியமாகத் தாரைவார்த்தது புதிய ஆவணங்களால் தெரிய வந்திருப்பதாக எழுதினார். தமிழக பா.ஜ.க. தலைவராக அப்போதிருந்த அண்ணாமலை தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற தாள்களை வைத்து வந்த பத்திரிகைச் செய்தி அதற்கு ஆதாரம். மறுநாள் தி.மு.க.வைச் சாடி இன்னொரு பதிவு. அதே நாளில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியாளர்களைச் சந்தித்தார். சந்தித்த இடம் அமைச்சகம் அல்ல, டெல்லி பா.ஜ.க. தலைமை அலுவலகம். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. இடையில் பத்தொன்பது நாள்.

பேச்சின் முகம் எங்கே பார்க்கிறது? கொழும்பைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. தீவு அவர்களிடம்தானே இருக்கிறது. ஆனால் கொழும்புக்கு ஏதாவது போனதா? இலங்கை அமைச்சராக இருந்த மலையகத் தமிழர் ஜீவன் தொண்டமான், தீவைத் திருப்பிக் கேட்டு இந்தியாவிடமிருந்து அதிகாரபூர்வமாக எதுவும் வரவில்லை என்றார். அன்றைய வெளியுறவு அமைச்சர் அலி சப்ரி, ஐம்பது வருஷத்துக்கு முன் முடிந்த விஷயம், மறுபடி பேச ஒன்றுமில்லை என்றார். ஆக, கடிதமில்லை, கோரிக்கையில்லை. பதிவு மட்டும் இருந்தது. எதிரில் நின்ற பிள்ளை இலங்கை. திண்ணையில் உட்கார்ந்திருந்தது ராமநாதபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் வாக்காளர்கள். பதிலும் சாடையிலேயே வந்தது. அடிக்கு அடி பழசு, ட்வீட்டுக்கு ட்வீட்தான் புது ஆயுதம் என்ற பொருளில் ப. சிதம்பரம் எழுதினார். அவர் சுட்டிக்காட்டிய விஷயம் முக்கியமானது. அந்தப் பகுதியில் எல்லை அதற்குமுன் வரையறுக்கப்பட்டதே இல்லை, ஆகவே இந்திய நிலத்தை விட்டுக்கொடுத்தது என்ற பேச்சுக்கு இடமில்லை என்று 2015 ஜனவரியில் இதே அமைச்சகம் தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் கொடுத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர், தீவைத் திரும்பப் பெற வேண்டுமானால் போருக்குத்தான் போக வேண்டும் என்ற அளவுக்குச் சொல்லியிருந்தார். அதாவது கோப்பில் ஒரு நிலைப்பாடு, பதிவில் வேறொன்று.

இதைச் சொல்வதால் 1974 ஒப்பந்தம் சரியென்று ஆகிவிடாது. சாடை கெட்டது என்பதற்காகப் பழைய ரகசியம் நல்லதாகிவிடுமா? 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்டபோது மீனவர்களை யாரும் கேட்கவில்லை. வெளியுறவுச் செயலர் சென்னைக்கு வந்து முதலமைச்சர் கருணாநிதியிடம் முன்கூட்டியே பேசியதாக 2024இல் வெளியான ஆவணங்கள் சொல்கின்றன. ராமேஸ்வரத்துக்குப் போய்ப் பேசியதாக எந்த ஆவணமும் சொல்லவில்லை. இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் முன்போல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்று ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. 1976இல் நடந்த கடிதப் பரிமாற்றத்தில் ஒருவர் கடலில் இன்னொருவர் மீன் பிடிக்கக் கூடாது என்றாயிற்று. வலை காயப்போடலாம், அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகலாம். மீன் மட்டும் பிடிக்கக் கூடாது. மீனவருக்கு மீனைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்த ஒப்பந்தம் அது.

பதிவில் விடுபட்டுப்போகிற இன்னொரு ஆள் இருக்கிறார்: யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவர். அவரும் தமிழர்தான். போர்க்காலம் முழுக்கக் கடலுக்குள் போகவிடாமல் தடுக்கப்பட்டு, 2009க்குப் பிறகு வலையை எடுத்தவர். நம் பக்கத்து இழுவைப் படகுகள் கடலடியைச் சுரண்டிக்கொண்டு போவதும், அவருடைய வலையை அறுப்பதும் அவருக்கு அன்றாடப் பிரச்சினை. 2017 ஜூலையில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலையே தடை செய்தது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன். 'நம் மீனவர் எதிர் சிங்களக் கடற்படை' என்ற எளிய கதையாடலுக்குள் இந்த மனிதர் அடங்கமாட்டார். அவரைச் சேர்த்தால் பதிவு நீளமாகிவிடும், கோபம் சிதறிவிடும். அதனால் அவர் இல்லை.

2010இல் இருதரப்பு மீனவர்களும் சென்னையில் சந்தித்துப் பேசினார்கள். 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் மறுபடி பேசினார்கள். 2016 நவம்பரில் இரு அரசுகளும் சேர்ந்து கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தன. இழுவைப் படகை எத்தனை காலத்தில் நிறுத்துவது, அதுவரை எத்தனை நாள் விடுவது, மாற்றுத் தொழிலுக்குப் பணம் யார் கொடுப்பது என்றெல்லாம் இழுபறி. பார்ப்பதற்கு ஒரு சுவாரசியமும் இல்லாத பேச்சு. பிரச்சினை தீர்வதென்றால் இப்படித்தான் தீரும். இருபது ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்கள் பிடிபட்டார்கள், 1,175 படகுகள் பறிமுதல் என்று கட்சி அலுவலகத்தில் ஜெய்சங்கரே கணக்குச் சொன்னார். அந்தத் தேர்தல் நடந்த 2024இல் மட்டும் 500க்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். பதிவு எந்தப் படகையும் மீட்கவில்லை.

பின்னால் நடந்ததையும் வரிசையாகப் பாருங்கள். 2025 ஏப்ரல் 2 அன்று தமிழகச் சட்டமன்றம் தீவை மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் கொழும்பு போனார். அங்கே செய்தியாளர்கள் முன்னால், மீனவர் பிரச்சினையை மனிதாபிமானத்தோடு அணுக வேண்டும் என்றார். கச்சத்தீவு அந்த உரையில் இல்லை. ஓர் ஆண்டுக்கு முன் பதிவில் இருந்த தீவு, தீவு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போனபோது பேச்சில் காணோம். ஆகஸ்டில் மதுரையில் நடந்த மாநாட்டில் நடிகர் விஜய் தீவை மீட்டுக்கொடுங்கள் என்றார். செப்டம்பர் 1 அன்று இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்க படகேறிக் கச்சத்தீவில் போய் இறங்கினார். படங்கள் உடனே சுற்றின. அது யாருக்கான சாடை? சென்னைக்கு என்று தோன்றும். வேலிப்புறத்தில் நின்றது அவருடைய வாக்காளர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். இருகரையிலும் ஒரே வித்தைதான்.

4

இது கச்சத்தீவோடு நிற்கிற வழக்கமல்ல. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடற்கரையில் எடுத்த படங்களைப் போட்டார். மாலத்தீவு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தோடு அங்கே முய்சு ஆட்சிக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. படத்தைப் பார்த்தவர்கள் சாடையைப் புரிந்துகொண்டார்கள்: இனி மாலத்தீவுக்குச் சுற்றுலா போகாதே. மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் மூன்று பேர் இந்தியப் பிரதமரை இழிவாக எழுதி, ஜனவரி 7 அன்று பதவியிலிருந்து இடைநீக்கம் ஆனார்கள். இதுதான் சாடையின் வசதி. சொன்னவர் "நான் எதுவும் சொல்லவில்லையே" என்று இருந்துவிடலாம். உறைத்துத் திருப்பிப் பேசியவர்தான் மாட்டிக்கொள்வார். அதே ஆண்டு அக்டோபரில் முய்சு டெல்லி வந்தார், கைகுலுக்கும் படங்கள் வந்தன. இடையில் இரண்டு அரசுகளும் கடனையும் ராணுவத்தையும் பற்றிப் பேசிமுடித்தது எந்தப் பதிவிலும் நடக்கவில்லை.

இன்னொன்று சூடான். 2023 ஏப்ரலில் அங்கே சண்டை மூண்டபோது, மூலிகை எண்ணெய் விற்கப் போயிருந்த கர்நாடகத்து ஹக்கி பிக்கி பழங்குடியினர் 31 பேர் சிக்கிக்கொண்டதாகச் சித்தராமையா ட்விட்டரில் எழுதினார். உங்கள் பதிவைப் பார்த்து அதிர்ந்துபோனேன், உயிர்கள் பணயமாக இருக்கும்போது அரசியல் செய்யாதீர்கள் என்று ஜெய்சங்கர் பதில் எழுதினார். கர்நாடகத்தில் மே 10 வாக்குப்பதிவு. மீட்பு நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'காவேரி'. எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காவிரி தெரியும். வீராணத்துத் தண்ணீரைச் சேத்தியாத்தோப்பிலிருந்துதான் குழாயில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். சூடானுக்கும் காவிரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் சுலபம்: சூடானில் இருக்கிறவருக்கு அந்தப் பெயர் தேவையில்லை, வேலிப்புறத்தில் இருக்கிறவருக்குத் தேவை. ராஹத், கங்கா, அஜய், சிந்து என்று மீட்பு நடவடிக்கைகளின் பெயர்களெல்லாம் இப்போது ஹேஷ்டேக்காகவே பிறக்கின்றன. நடவடிக்கை உண்மையானதுதான். 3,862 பேரைக் கொண்டுவந்தார்கள், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் ஊர் ஊராகப் போய்த் தைலம் விற்றுப் பிழைக்கிற ஒரு பழங்குடிச் சமூகம் சூடான்வரை ஏன் போக வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் எழவில்லை.

சாடையைத் தாண்டி, பதிவே உத்தரவாகிற நிலையும் வந்துவிட்டது. 2025 மே 10 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டதை உலகத்துக்கு முதலில் சொன்னது அமெரிக்க அதிபர் ட்ரம்பின் சமூக ஊடகப் பதிவு. இந்திய வெளியுறவுச் செயலர் அதற்குப் பிறகுதான் பேசினார். அதே ஆண்டு ஜூலை 30இல் இந்தியப் பொருள்கள்மீது 25 சதவீத வரி என்பதும் அவர் பதிவாகத்தான் வந்தது. ஆகஸ்ட் 27இல் அது 50 சதவீதமானபோது திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஷிப்டைக் குறைக்கிற நிலைக்குப் போயின. அங்கே தைக்கிற பெண்ணுக்கு அந்தப் பதிவின் மொழியும் தெரியாது, அந்த ஊடகத்தின் பெயரும் தெரியாது.

ஊடகத்தில் பேசுகிற அரசே அதை மூடவும் செய்கிறது. 2020 ஜூனில் கல்வான் மோதலுக்குப் பிறகு இந்தியா டிக்டாக் உட்பட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. 2025 மே மாதம் 8,000க்கு மேற்பட்ட கணக்குகளை முடக்கச் சொல்லி இந்திய அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனமே அறிவித்தது. கோத்தபய அரசு 2022 ஏப்ரலில், தெருவில் மக்கள் திரண்டபோது, சமூக ஊடகங்களையே நிறுத்திப் பார்த்தது. எல்லோரும் பேசுகிற பொதுவெளி என்று இதைச் சொல்கிறவர்கள், திறவுகோல் யார் கையில் என்று பார்க்க வேண்டும். பாதி அரசிடம், மீதி அமெரிக்காவில் இருக்கும் தனியார் முதலாளிகளிடம்.

5

இப்போது வளைகுடா விஷயத்துக்கு வருகிறேன். ஏனெனில் இதுவரை நான் சொன்னதற்கு எதிரான வலுவான வாதம் அங்கிருந்துதான் வரும்.

சுஷ்மா ஸ்வராஜ் அமைச்சராக இருந்த ஐந்து ஆண்டுகளில், வெளிநாட்டில் சிக்கியவர்கள் ட்விட்டரில் அவர் பெயரைப் போட்டு எழுதினால் பதில் வரும் என்ற நம்பிக்கை ஏற்பட்டது. செவ்வாய்க் கிரகத்தில் மாட்டிக்கொண்டாலும் அங்கிருக்கும் இந்தியத் தூதரகம் உதவும் என்று 2017இல் அவர் வேடிக்கையாக எழுதியது பிரபலம். 2015இல் 'மதத்' என்ற குறைதீர்க்கும் இணையதளம் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் தூதரகங்களின் ட்விட்டர் கணக்குகளை ஒன்றாக இணைத்தார்கள். இதனால் ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஏழை ஒருவரின் குரல் கலெக்டர் ஆபீஸ், தாசில்தார் என்று ஏழு வாசலைத் தாண்டாமல் நேராக மந்திரிக்குப் போகிறதென்றால் அது சின்ன விஷயமா?

இல்லைதான். ஆனால் அந்தக் குரல் எப்படிப் போகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கிராமத்து அம்மா ஒருவர். மகன் விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஏஜெண்டு மூலம் வளைகுடாவுக்குப் போனான். ஒப்பந்தத்தில் டிரைவர் வேலை. போன இடத்தில் ஆடு மேய்க்கச் சொன்னார்கள். ஏழு மாதம் சம்பளமில்லை. ஜெராக்ஸ் கடைப் பையன்தான் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டான். "என்னாப்பா எழுதியிருக்க, படிச்சுக் காட்டு" என்று அந்த அம்மா கேட்டார். பையன் படித்துத் தமிழில் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சம்பளப் பாக்கியப் பத்தி ஒண்ணும் இல்லியே" என்றார். "ஆயா, அதெல்லாம் போட்டா பாக்க மாட்டாங்க. உயிருக்கு ஆபத்துன்னு போட்டாத்தான் எடுப்பாங்க" என்றான் அவன். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் போன் நம்பரையும் ஊரறியப் போட வேண்டியிருந்தது. பதில் வந்தது. மகனும் நாலு மாதம் கழித்து வந்துசேர்ந்தான். ஏழு மாதச் சம்பளம் வரவில்லை.

அந்தப் பையனுக்கு இந்த ஊடகத்தின் இலக்கணம் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. எது எடுபடும், எது எடுபடாது என்று ஒரு சல்லடை இருக்கிறது. உயிர், கண்ணீர், விமானத்தில் வந்திறங்குகிற காட்சி, இவை எடுபடும். கூலி, ஒப்பந்தம், ஏஜெண்டு கமிஷன், முதலாளி கையில் சிக்கிய பாஸ்போர்ட், இவை எடுபடாது. 2024 ஜூன் 12இல் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடம் எரிந்தது. 45 இந்தியர்களின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சி வந்தன. அவற்றில் ஏழு தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. இரண்டே நாளில் அது நடந்தது, படங்களும் வந்தன. செத்தவரைக் கொண்டுவருவதில் இருக்கும் வேகம், உயிரோடு இருந்தபோது ஒரு கட்டிடத்தில் இருநூறு பேருக்கு நெருக்கமாக ஏன் அடைக்கப்பட்டார்கள் என்று கேட்பதில் இருக்கவில்லை.

இதைவிட முக்கியமான உதாரணம் ஒன்று. வளைகுடாவுக்குப் போகும் இந்தியத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சம்பளம் தர வேண்டும் என்று இந்திய அரசு ஒரு அளவு வைத்திருக்கிறது. கொரோனா நேரம், 2020 செப்டம்பரில், வெளியுறவு அமைச்சகம் அந்த அளவைக் கணிசமாகக் குறைத்தது. பல வேலைகளுக்கு மாதம் 200 முதல் 300 டாலர் என்றாயிற்று. இதைச் செய்தது இரண்டு சுற்றறிக்கைகள். தெலங்கானா உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். அதே மாதங்களில்தான் 'வந்தே பாரத்' விமானங்களின் படங்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தன. மீட்பு பதிவில் வந்தது; கூலிக் குறைப்பு சுற்றறிக்கையில் போனது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். அயலுறவுக் கொள்கை என்று எதைச் சொல்கிறோமோ அது அந்தச் சுற்றறிக்கையில் இருந்தது.

6

அப்படியானால் என்ன செய்வது? சமூக ஊடகத்தைப் புறக்கணிப்போம் என்று சொல்ல நான் வரவில்லை. ஜெராக்ஸ் கடைப் பையனுக்கு அது ஒரு கருவி. அதைப் பிடுங்கிக்கொள்ளச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அரசின் பதிவை வாசிக்கும் முறையை நாம் மாற்றிக்கொள்ளலாம். மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, இந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கிறதா? அயல்நாட்டுக்கு உண்மையிலேயே எழுதப்பட்ட கடிதம், ஒப்பந்தம், சுற்றறிக்கை ஏதாவது உண்டா? இல்லையென்றால் அது அந்த நாட்டுக்குச் சொன்னது அல்ல. தகவல் உரிமைச் சட்டம் நம் கையிலும் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அமைச்சகம் எழுத்தில் பதில் தருகிறது. அவற்றைத் தமிழில் போட்டாலே பாதிச் சாடை கலைந்துவிடும். இரண்டு, வேலிப்புறத்தில் யார்? பதிவின் தேதியையும் தேர்தல் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று, படர்க்கையில் தள்ளப்பட்டவர் யார்? அவரை முன்னிலைக்குக் கொண்டுவர முடியுமா? ராமேஸ்வரத்து மீனவரும் யாழ்ப்பாணத்து மீனவரும் ஒரே மேஜையில் உட்காருவதும், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் சம்பளப் பாக்கிக் கணக்கைக் கூட்டாகப் பதிந்து வைப்பதும் அப்படிக் கொண்டுவருகிற வேலைகள். இவற்றைச் செய்கிற சங்கங்களும் அமைப்புகளும் சின்ன அளவிலாவது இருக்கின்றன. நம் எழுத்து அவற்றின் பக்கத்தில் நிற்க வேண்டும்.

எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பொறுப்பு உண்டு. கச்சத்தீவு என்றதும் பொங்குவது நமக்கும் சுலபம், நம் கோபத்துக்கும் அங்கே கைதட்டல் கிடைக்கும். அந்தப் பொங்கலில் யாழ்ப்பாணத்து வலைக்காரர் காணாமல்போனால், வேலிப்புறத்தில் நம்மை நிறுத்தியவர்களின் வேலையை நாமே செய்து கொடுத்தவர்களாவோம்.

சாடை பேசுகிறவரை என்ன செய்வது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதிலுக்குச் சாடை பேசினால் சண்டை நாள் கணக்கில் ஓடும், நடுவில் அடிவாங்குகிறது பிள்ளைதான். குறுக்கே போய் நின்று, "யாரைச் சொல்றே? நேராச் சொல்லு" என்று கேட்க வேண்டும்.